ஏடெழுதியவரும் கேள்வி கேட்டவரும்

மேடவாக்கத்திலிருந்து கிழக்கே பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் சென்று, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம் வரும். 1966-ஆம் ஆண்டில் ஓவியர்களும் சிற்பிகளும் தம் கைப்பணத்தைக் கொண்டு அமைத்துக்கொண்ட சோழமண்டலக் கலைஞர் கிராமம் அங்கேதான் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் கவிதை எழுதுவோர்க்கு அது அண்டை ஊர். ஆயினும் அக்கலைஞர்கள் தம் படைப்பைப் பற்றித் தமிழில் பேசியவை எவ்வளவு என்று தேடினால் கை நிறையாது. ஆங்கிலத்தில் கிடைக்கும் அளவு தமிழில் இல்லை. நிறத்தோடும் உலோகத்தோடும் வாழ்நாள் முழுதும் போராடியவர்கள் எதைத் தேடினார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே அறியும் வாய்ப்பு அருகில் இருந்தும் பெரும்பாலும் நழுவிவிட்டது.

இதற்குக் கலைஞரை மட்டும் குறை சொல்வதோ, எழுத்தாளரை மட்டும் குறை சொல்வதோ பொருந்தாது. படைப்பவரிடம் அவர் படைப்பைப் பற்றிக் கேட்பது என்னும் வழக்கம் தமிழில் எவ்வாறு வளர்ந்தது, எங்கே நின்றது என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும்.

பழந்தமிழில் நூலைப் பற்றிய செய்திகளைச் சொல்வதற்குப் பாயிரம் இருந்தது. சிறப்புப் பாயிரத்தில் இன்னின்ன செய்திகள் வரவேண்டும் என்று நன்னூல் வகுத்துச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இவற்றுள் 'காரணம்' ஒன்றே படைப்பாளியின் மனத்துக்கு அருகில் வருகிறது. அதுவும் பெரும்பாலும் இன்னார் வேண்ட இந்நூல் செய்யப்பட்டது என்ற அளவில் முடிந்துவிடும். நூல் எப்படி உருவாயிற்று, எந்த அடியில் புலவன் தடுமாறினான் என்று பாயிரம் கேட்பதில்லை. முடிந்த பொருளின் பெருமையைச் சொல்வது அதன் வேலை. பட்டறையின் உட்புறம் அதற்கு அப்பாற்பட்டது.

அந்த உட்புறத்தைத் தமிழில் முதன்முதலாக விரிவாகக் காட்டியவர் உ.வே. சாமிநாதையர் எனலாம். அவர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்தார். பிள்ளையவர்கள் பாடல்களை மனத்திலேயே அமைத்துக்கொண்டு வாயாற் சொல்லுவார். மாணாக்கர் எழுத்தாணி பிடித்து ஏட்டில் எழுதுவர். சாமிநாதையரும் அவ்வாறு எழுதியவர். ஒரு செய்யுள் வாயிலிருந்து வெளிப்படும் கணத்தில், அதை ஏட்டில் ஏற்றும் கையாக இருந்தவர் அவர். புலவர் எவ்வளவு விரைவாகச் சொல்லுவார், இடையில் வந்தவரோடு பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடர்வார், எந்த நேரத்தில் அவருக்குப் பாட்டு வரும், யாரைப் பார்த்தால் வராது என்பவையெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும்.

இவற்றை உடனே அவர் நூலாக்கிவிடவில்லை. பிள்ளையவர்களின் சரித்திரம் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னர் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942-இல் சாமிநாதையர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. இடையில் எத்தனை பேர் மறைந்தார்கள், எத்தனை செய்திகள் அவர்களோடு போயின என்பதைச் சாமிநாதையரே நன்கறிந்திருந்தார். ஆகவேதான் கேட்டறிந்த செய்திகளைக் குறித்துவைப்பதில் அவருக்கு அத்தனை பதைப்பு.

அவர் சொல்லும் செய்திகளுள் கோபாலகிருஷ்ண பாரதியார் பற்றியது ஒன்று, படைப்பைக் குறித்த உரையாடல் என்றால் என்ன என்று சிந்திப்போர்க்கு மிகவும் பயன்படும். நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய பாரதியார், மகாவித்துவானிடம் சிறப்புப் பாயிரம் பெற விரும்பிப் பலமுறை வந்தார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருப்பதாக எண்ணிய பிள்ளையவர்கள், வெளிப்படையாக மறுக்காமல் ஏதேனும் காரணம் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே பகலில் உறங்கிக்கொண்டிருந்தபோது பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாட்டைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். அந்த இசை உள்ளே சென்று கவிஞரை எழுப்பிவிட்டது. எழுத்தில் கண்ட குறை குரலில் கேட்டபோது மறைந்து, கண்ணீர் பெருகியது. பாயிரமும் கிடைத்தது.

இருவருக்குமிடையே அன்று நீண்ட வாதம் நடந்ததாகத் தெரியவில்லை. பாரதியார் தம் படைப்புக்கு விளக்கம் கூறவில்லை, பாடினார். இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையர் எழுதிவைக்காமல் இருந்திருந்தால், நந்தன் சரித்திரத்தின் முன்னுள்ள பாயிரம் மற்றப் பாயிரங்களைப்போல ஒரு மரியாதைச் செய்யுளாகவே இன்று படிக்கப்பட்டிருக்கும். இதே பாரதியாரிடம் இளம் சாமிநாதையர் சிலகாலம் இசை பயின்றதும், அதில் ஆசிரியருக்கு விருப்பமில்லை என்றறிந்து நிறுத்தியதும் 'என் சரித்திர'த்தில் வருகின்றன. இலக்கியத்துக்கும் பிற கலைகளுக்கும் நடுவே வீட்டுக்குள்ளேயே எழுப்பப்பட்ட சுவர் எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு சான்று.

சுப்பிரமணிய பாரதியாருக்கு இத்தகைய ஏடெழுதுவோர் ஒருவர் வாய்க்கவில்லை. பலர் சிறிது சிறிதாக வாய்த்தனர். 1921-இல் முப்பத்தொன்பது வயது நிரம்புமுன் அவர் மறைந்தார். பிறகு செல்லம்மா பாரதியும், வ.ரா.வும், புதுவையில் சிறுமியாக இருந்து அவரைக் கண்ட யதுகிரி அம்மாளும் தத்தம் நினைவுகளை எழுதினர். கவிஞர் பாடிக்காட்டிய வேளை, கடற்கரையில் நடந்த வேளை, வீட்டில் அரிசி இல்லாத வேளை என்று காட்சிகள் நிறைய உண்டு. ஆனால் வசன கவிதைக்கு அவர் எவ்வாறு வந்தார், அந்த வடிவம் அவருக்கு எந்த அளவில் துணிவாகவும் எந்த அளவில் சோதனையாகவும் இருந்தது என்று அவரிடமே கேட்டுப் பதிந்தவர் இல்லை. பிற்காலத்தில் புதுக்கவிதையின் தோற்றம் பற்றி நடந்த வாதங்களில் பாதி, இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமையால் நேர்ந்தவை என்று சொன்னால் மிகையாகாது.

புதுமைப்பித்தன் தாமே கேட்டுத் தாமே பதில் சொல்லிக்கொண்டார். 1943-இல் வெளிவந்த 'காஞ்சனை' தொகுப்புக்கு 'எச்சரிக்கை!' என்று தலைப்பிட்டு முன்னுரை எழுதினார்; 'என் கதைகளும் நானும்' என்று ஒரு கட்டுரையும் எழுதினார். வாசகனைச் சீண்டி, விமர்சகனைக் கிண்டல் செய்து, தம்மையும் விட்டுவைக்காத எழுத்து அது. அவற்றைப் படிக்கும்போது எதிரே ஒருவர் அமர்ந்து விடாமல் கேட்டிருந்தால் இந்த மனிதர் இன்னும் எவ்வளவு சொல்லியிருப்பார் என்ற ஏக்கம் எழாமல் இராது. 1948-இல் நாற்பத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார். தொ.மு.சி. ரகுநாதன் 1951-இல் அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டது பெருந்தொண்டு. உயிரோடிருந்த நண்பர் விரைந்து எழுதியமையால் கிடைத்தது அது. இருபது ஆண்டு தாமதித்திருந்தால் கட்டுக்கதைகளே மிஞ்சியிருக்கும். ஆனாலும் அது நண்பரின் சாட்சியமேயன்றிப் படைப்பாளியின் வாக்குமூலம் ஆகாது.

மேலைநாட்டில் இவ்வகை எழுத்துக்கு நெடிய மரபுண்டு. முதுமைப் பருவத்துக் கவிஞர் கதேயுடன் எக்கர்மான் நடத்திய உரையாடல்கள், கதே மறைந்த பின் 1836-இலும் 1848-இலும் நூலாயின. எக்கர்மானும் ஒருவகையில் ஏடெழுதியவர்தான். ஆசிரியருக்குப் பணிந்தவர், கேட்டதை வீட்டுக்குப் போய் எழுதிவைத்தவர். 1953-இல் தொடங்கிய 'பாரிஸ் ரிவியூ' என்னும் இதழ் வேறொரு வழியை வகுத்தது. அதன் முதல் இதழிலேயே நாவலாசிரியர் ஈ.எம். ஃபாஸ்டருடன் உரையாடல் வந்தது. கொள்கை விளக்கங்களைவிட நாவல் எழுதும் தொழிலின் நுட்பங்களைக் கேட்பது அந்த இதழின் வழக்கமாயிற்று. பேசியவர் தம் பேச்சை எழுத்தில் பார்த்துத் திருத்தவும் இடமளிக்கப்பட்டது. திருத்திய பேச்சு பேச்சாகுமா என்று கேட்கலாம். ஆனால் எழுத்தாளன் தன் பேச்சில் எதைத் திருத்துகிறான் என்பதும் அவன் தொழிலைக் காட்டுவதுதானே!

தமிழில் இந்த வழி மெல்லத்தான் வந்தது. 1959 சனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது விமர்சனமும் புதுக்கவிதையும் அதன் இரு கண்களாயின. கவிதை பற்றிய விவாதம் அதில் அனல் பறக்க நடந்தது. ஆனால் அது கட்டுரைக்கும் மறுப்புக்கட்டுரைக்கும் இடையே நடந்த விவாதம். நா. பார்த்தசாரதி 1965-இல் தொடங்கிய 'தீபம்' எழுத்தாளர்களைச் சந்தித்து உரையாடும் பகுதிகளுக்கு இடமளித்தது. பி.எஸ். ராமையாவின் 'மணிக்கொடிக் காலம்' ஒரு தலைமுறையின் பட்டறையைத் திறந்துகாட்டி 1982-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. இவற்றுக்கு வெளியே, அச்சில் ஏறாமலே நடந்த உரையாடல்கள் ஏராளம். டி.கே.சி.யின் வட்டத்தொட்டியிலும், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீட்டிலும் பேசப்பட்டவற்றைப் பற்றி அங்கே சென்றுவந்தோர் எழுதியவை உண்டு. அவை அந்தச் சபைகளின் மணத்தைக் கொண்டுவருகின்றன. பேச்சின் சொற்களை அப்படியே கொண்டுவரவில்லை.

நேர்காணல் என்பது தமிழிதழ்களில் தனி இலக்கிய வகையாகக் கால் ஊன்றியது 'சுபமங்களா'வில் என்பதை மறுப்பார் அரியர். 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை எழுதிய கோமல் சுவாமிநாதன் 1991-இல் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சிற்றிதழ்ப் படைப்பாளியையும் பெருங்கூட்டம் அறிந்த எழுத்தாளரையும் ஒரே பாயில் அமரவைத்து நீண்ட நேர்காணல்களை மாதந்தோறும் வெளியிட்டார். நாடகக்காரராகிய அவருக்கு, இருவர் எதிரெதிரே அமர்ந்தால் அங்கே ஒரு காட்சி பிறக்கும் என்பது தெரிந்திருந்தது போலும். 1995 அக்டோபரில் கோமல் மறைந்தார். இதழும் அவ்வளவில் முடிந்தது. பின்னர் இளையபாரதி அந்நேர்காணல்களைத் தொகுத்து நூலாக்கினார். 'கலைஞர் முதல் கலாப்ரியா வரை' என்ற அத்தொகுப்பின் பெயரே அந்த இதழ் விரித்த பாயின் அகலத்தைச் சொல்லிவிடும்.

அந்நேர்காணல்களையும், பின்னர் வந்த இதழ்கள் பின்பற்றியவற்றையும் இன்று சேர்த்துப் படிக்கும்போது ஒன்று புலனாகிறது. 'ஏன் எழுதுகிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மேடைப்பேச்சே பதிலாக வருகிறது. சமுதாயம், மானுடம், மொழி என்று சொற்கள் உயரே போகின்றன. 'முதற்படியில் எதை அடித்தீர்கள்? அந்தப் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? காலையில் எழுதுவீர்களா, இரவிலா?' என்று கேட்டால் படைப்பாளி சற்றுத் தயங்குகிறார். பிறகு மெய் வருகிறது. எழுத்தாணி பிடித்த மாணாக்கன் கவனித்தவை இந்த இரண்டாம் வகைச் செய்திகளே. நேர்காணல் செய்பவர் அந்த மாணாக்கனின் இடத்துக்கு எவ்வளவு நெருங்கி அமர்கிறாரோ அவ்வளவுக்கே அது பயன்படுகிறது. நிலைப்பாடுகளை விசாரித்து வழக்குத் தொடுக்கும் நேர்காணல்கள் அந்த மாதத்துக்குச் சூடாக இருக்கும். அடுத்த ஆண்டு அவற்றைத் திரும்பப் படிப்பார் இல்லை.

எழுத்தாளரிடமே இந்த நிலை என்றால் ஓவியரிடம் எப்படி இருந்திருக்கும்?

சோழமண்டலத்தை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த மலையாளி. சென்னைக் கலைப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌதுரிக்குப் பிறகு 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தார். கலைப்பள்ளியில் பயின்று வெளிவரும் இளைஞர்கள் ஓவியத்தை நம்பி வாழ இயலாமல் அலுவலகங்களிலும் விளம்பரக் கூடங்களிலும் கரைந்துபோவதைக் கண்டு அவர் வருந்தினார். பகலில் கைவினைப் பொருள் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் விற்பனையைப் பற்றிய கவலையின்றிப் படைக்கலாம் என்பது அவர் கண்ட வழி. மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளைக் கலைஞர்கள் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் கடலோரத்தில் மணலும் சவுக்கும் நிறைந்த ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அரசின் கொடையோ செல்வரின் தயவோ இல்லாமல், கலைஞர்கள் தம் கையால் ஊர் ஒன்றைச் சமைத்துக்கொண்டார்கள். கவியரங்குக்கு நன்கொடை கேட்டு அலைந்த அனுபவமுள்ள எந்த இலக்கிய வட்டமும் இதன் அருமையை உணரும்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் எழுத்துகளே நிறைந்திருக்கும். மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக ஓடும். படிக்கப் புகுந்தால் பொருள் கிடைக்காது. சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் நடுவே வரும். எழுத்தைப் பொருளிலிருந்து விடுவித்து உருவமாகவே நிறுத்திய அந்த ஓவியரிடம், அதே ஆண்டுகளில் யாப்பிலிருந்து சொல்லை விடுவிக்க முயன்றுகொண்டிருந்த தமிழ்ப் புதுக்கவிஞர் கேட்பதற்கு எத்தனையோ இருந்திருக்கும். 1977 சனவரியில் பணிக்கர் மறைந்தார்.

கலைஞர்கள் பேசாமலும் இல்லை. முற்போக்கு ஓவியர் சங்கத்தின் சார்பில் 1961 முதல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழ் வந்தது. அதில் தம் கலையைப் பற்றி அவர்களே விவாதித்தார்கள், ஆனால் ஆங்கிலத்தில். மலையாளியும் தெலுங்கரும் கன்னடியரும் தமிழரும் கலந்து வாழ்ந்த இடத்தில் அது இயல்பே. அவர்களை அருகிருந்து ஆராய்ந்தவருள் முதன்மையானவர் சோசப் சேம்சு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். சென்னைச் சிற்பிகளைப் பற்றி 1993-இலும் சோழமண்டலத்தைப் பற்றி 2004-இலும் அவர் தொகுத்தளித்த நூல்கள் இன்றும் அத்துறைக்கு அடிப்படை. தாம்பரத்திலிருந்து ஈஞ்சம்பாக்கத்துக்குச் சென்ற அந்தப் பேராசிரியர் சாமிநாதையரைப்போல் உடனிருந்து கவனித்தவர் என்றே சொல்லவேண்டும். ஆனால் அவரது ஏடு ஆங்கில ஏடு.

தமிழ்க் கவிதையும் ஓவியமும் சந்தித்துக்கொண்டது வேறோர் இடத்தில், சிற்றிதழ் அட்டையில். துறையூரை அடுத்த கீரம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் கலைப்பள்ளியில் பயின்றவர். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு கோட்டோவியங்கள் பெரும்புகழ் பெற்றன. 'நடை', 'கசடதபற' குழுவினரோடு அவர் நெருங்கிப் பழகினார். 1973-இல் வெளிவந்த ஞானக்கூத்தனின் 'அன்று வேறு கிழமை' ஆதிமூலத்தின் ஓவியங்களோடு வந்தது. கவிஞரும் ஓவியரும் 1938-இல் பிறந்த ஒத்த வயதினர். அந்த ஓவியங்கள் கவிதைக்கு விளக்கப்படங்களாக இல்லை. கவிதையைப் படித்த ஒருவர் தம் மொழியில் சொன்ன மறுமொழியாக இருந்தன. பின்னர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தபோது, சிற்றிதழைக் காணாத வாசகருக்கும் அந்தக் கோடு பழக்கமாயிற்று. ஞானக்கூத்தனும் ஆதிமூலமும் அந்நூலை உருவாக்கியபோது பேசிக்கொண்டதை எழுத்தாணி பிடித்து எழுதிவைத்தார் உளரா? அட்டைக்கு உள்ளே கோடும் சொல்லும் அருகருகே கிடக்கின்றன. ஆதிமூலம் 2008-இலும் ஞானக்கூத்தன் 2016-இலும் மறைந்தனர்.

இவ்வளவுக்கும் பிறகு, கேள்வியே பயன்படாத ஓர் இடம் உண்டு. சோழமண்டலத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம் பேச்சு சரிவர வராதவர், மனநோயாலும் துன்புற்றவர். பணிக்கரின் அரவணைப்பில் கலைப்பள்ளியில் பயின்று, கிராமத்திலும் இடம்பெற்றார். மையும் பேனாவும் கொண்டு அவர் படைத்த உலகில் கோபுரங்களும் மாளிகைகளும் பின்னிப் பிணைந்து உயரும். விலங்குகளும் தேவமகளிரும் அவற்றினூடே மிதப்பர். அக்கனவு நகரத்தின் நடுவே தொப்பி அணிந்த ஒருவர் அடிக்கடி தென்படுவார். அவர் ராமானுஜமே. நேரில் யாரும் மதிக்காத உருவம், தாளில் அரசனைப்போல் உலா வந்தது. 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நேர்காணல் என்று எதுவும் அவரிடம் நடந்திருக்க இயலாது. எந்தக் கேள்விக்கும் அவரால் ஒரு பத்தி பதில் சொல்லியிருக்க முடியாது.

அவரிடம் தமிழ் கேட்கவேண்டியதை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சி. மோகன் கேட்டார். ஓவியர்களைப் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவந்த அவர், ராமானுஜத்தின் வாழ்வைக் கருவாகக் கொண்டு 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்ற நாவலை எழுதினார். உடனிருந்தவர் சொன்னவை, ஓவியங்கள் காட்டியவை, இவை இரண்டும் சொல்லாதவை என்று மூன்றையும் கொண்டு அந்த மௌனத்தை எழுத முயன்ற நூல் அது. வரலாறு எழுதுவோர் இதைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவர், கொள்ளவும் வேண்டாம். ஆனால் ஈஞ்சம்பாக்கத்து மணலில் தொப்பியோடு நடந்த அந்த மனிதரைப் பற்றித் தமிழில் விரிவாக ஒன்று படிக்கவேண்டுமென்றால், முதலில் கைக்கு வருவது அந்த நாவலே.